வளையல் போட்ட கை

அணிலுக்கு இரக்கப்பட்டதால்தான் ஆவுடையம்மாளுக்கு அந்த வேலை போனது. போன அன்றைக்கு அவள் அழவில்லை, புலம்பவில்லை. விட்டது சனியன் என்று அடுப்பைப் பற்றவைத்து, நிறைய டிக்காஷன் ஊற்றி ஒரு காபி போட்டுக் குடித்தாள்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்படியும் உண்டா என்பீர்கள். பாளையங்கோட்டைக்கு வெளியே, ஒரு கொய்யா, ஒரு வேம்பு, ஒரு முருங்கை நிற்கிற அவள் வீட்டுப் புறவாசலில் கம்பெனிக்காரர்கள் வந்து ஒரு கம்பம் நட்டார்கள். கம்பத்தின் உச்சியில் பறவைகளுக்கு ஒரு தீனிப்பெட்டி. குருவியோ தவிட்டுக்குருவியோ வந்து குச்சியில் உட்கார்ந்தால் கம்பும் தினையும் நிலக்கடலையும் கிடைக்கும். அணில் உட்கார்ந்தால் அதன் கனத்துக்கு வாசல் படக்கென்று மூடிக்கொள்ளும். அணில் அந்தப் பெட்டியை எப்படி ஏமாற்றிக் கொள்ளையடிக்கிறது என்பதை நாலா பக்கமும் கேமரா வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு பெட்டியை அணில் ஜெயித்துவிட்டால், அதைவிடக் கெட்டியான பெட்டி அடுத்த மாதம் வந்துவிடும்.

முதல் நாள் கம்பெனியிலிருந்து வந்த பெண் ஜெனிபா. இன்ஜினீயர், உள்ளூர்ப் பிள்ளைதான். கையில் ஒரு இயந்திரம் வைத்திருந்தாள். நீள வால், நாலு கால், அணிலைவிடக் கொஞ்சம் பெரிசு. துழாவி என்று அதற்குப் பெயராம்.

"அக்கா, அணிலு எப்படி யோசிக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஒரு வழிய அடச்சா அடுத்த வழி, அதையும் அடச்சா இன்னொரு வழின்னு விடாம பாக்குது பாத்தியளா, அந்தக் குணத்தப் படத்துல இருந்து எடுத்து இதுக்குள்ள வச்சிரலாம். கட்டடம் இடிஞ்சு கெடக்குன்னு வைங்க. மனுசன் நுழைய முடியாத சந்துல இது போயி, உள்ள ஆளு இருக்கான்னு பாத்துட்டு வரும்."

"அதுக்கு எங்க வீட்டு அணில்தானா கெடச்சுது?"

"ஒவ்வொரு வீட்டு அணிலுக்கும் ஒவ்வொரு புத்தி. ஒரு வீட்டுக்கு ஒரு துழாவி. எது நல்லாப் படிக்கோ அத வச்சிக்கிடுவோம்."

நிபந்தனை ஒன்றே ஒன்று: அணிலுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது. பசித்தால்தான் மூளை வேலை செய்யும். பக்கத்தில் வேறு தீனி வைக்கவே கூடாது என்று ஜெனிபா படித்துப் படித்துச் சொன்னாள். ஆவுடையம்மாளும் தலையை ஆட்டினாள். ஆட்டுவதற்கு என்ன, தலைதானே.

அணில்கள் ஒன்றும் லேசுப்பட்டவை அல்ல. அவற்றுக்குள் ஒரு தலைவி இருந்தது. எந்தப் பூனையிடமோ பாதி வாலைப் பறிகொடுத்த பெண் அணில். மொட்டைவாலி என்று ஆவுடையம்மாள் பெயர் வைத்தாள். அது பெட்டியின் கூரையில் பின்னங்கால்களை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, குச்சியில் கனமே விழாமல் கடலையை எடுத்தது. கம்பத்தில் கிரீஸ் தடவிப் பார்த்தார்கள். முருங்கைக் கிளையிலிருந்து தாவியது. முருங்கையைக் கழித்தார்கள், துணி காயப்போடும் கொடி வழியே நடந்து வந்தது. குட்டிகள் கம்பத்தை உலுக்க, கீழே சிந்துவதை மற்றவை பொறுக்கின. படத்தைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் வாயைப் பிளந்தார்களாம். ஆவுடையம்மாளுக்குத் தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது போலப் பெருமை தாங்கவில்லை.

அவள் புருஷன் குற்றாலிங்கம் மட்டும் கிண்டல் செய்தார். மலையடிவாரத்தில், ஒரு அணைத் தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். அங்கே அவர் எலெக்ட்ரீஷியன். வார நாளெல்லாம் அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. நல்ல மனுஷன், குடி கிடி கிடையாது. ஒரே ஒரு கோளாறு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைந்தால், பக்கத்தில் பெண்டாட்டி நின்றாலும், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் இடது கையால் உப்பு ஜாடியைத் தேடுவார். வழி கேட்க மாட்டார். ஒரு தடவை தூரத்து ஊரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர், மண்டபம் எது என்று விசாரிக்காமல் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தார். "கேட்டா கொறைஞ்சா போயிருவிய?" என்று ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில், திருகுமூடிப் பெட்டி வந்து சேர்ந்தது. அது கொடுமையான பெட்டி. மூடியைத் திருகி எடுத்தால்தான் தீனி. அணிலின் கை எத்தனூண்டு! மொட்டைவாலி கடித்தது, உருட்டியது, மூடிமேல் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வயிறு ஒட்டிப்போய்க் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆவுடையம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைக்காமல் அவள் வாயில் ஒரு பருக்கை போகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். கம்பெனிக்காகச் சுவரில் சோறு வைப்பதை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியதிலிருந்து சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம், அடுப்படிச் சன்னல் கம்பியில் மொட்டைவாலி வந்து நின்றது. அவளையே பார்த்துக் கீச்சுக் கீச்சென்று கத்தியது. விரட்டினாள், போகவில்லை. 'சரி, என்னதான் வேணும் ஒனக்கு' என்று கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அணில் முன்னால் ஓடியது, நின்று திரும்பிப் பார்த்தது, மறுபடி ஓடியது. கம்பத்தில் ஏறி, திறக்காத மூடியின்மேல் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டது.

மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்களோ. ஆவுடையம்மாள் ஸ்டூலைப் போட்டு ஏறி மூடியைத் திருகிவிட்டாள். 'சவம், ஒரு வாய் திங்கட்டும்.' மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும். சுவரில் காக்காய்ச் சோறும் திரும்ப வந்தது. அவளுக்கும் சாப்பாடு இறங்கியது.

கேமரா என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டாளா என்றால், இல்லை. முகம் தெரியாமல் ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டினால் போதும் என்று நினைத்தாள். மாதக் கடைசியில் ஜெனிபா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அணில் சன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தியதும் அதில் இருந்தது. நாலு பக்கப் படத்திலும் கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்க ஒரு கை வந்து மூடியைத் திறந்துகொண்டிருந்தது.

ஜெனிபாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கம்பெனி சிரிக்கவில்லை. அந்த வீட்டுத் துழாவியை மற்றவற்றோடு சேர்த்து, செங்கலும் கம்பியும் கொட்டிவைத்த மைதானத்தில் பரீட்சை வைத்தார்கள். மற்றதெல்லாம் முட்டி மோதிக் குடைந்து உள்ளே போயின. ஆவுடையம்மாள் வீட்டுத் துழாவி கொஞ்ச நேரம் முயன்றது. பிறகு திரும்பி வந்து, பெரிய அதிகாரியின் பூட்ஸ்மேல் ஏறி நின்று கீச்சுக் கீச்சென்று கத்தியது. அவர் உதறிவிட்டார். அதோடு அவளுக்கும் வேலை முடிந்தது. கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெட்டியை மட்டும் ஜெனிபா விட்டுவிட்டுப் போனாள். துழாவியைக் கழற்றிப்போட மனசு வராமல், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அவளே வைத்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் காபி குடித்தது அன்றைக்குத்தான்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் சுரங்கத்தில் மண் சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். சுரங்கத்துக்குள் காற்று ஊதும் காற்றாடி ஓடவில்லை என்று அதைச் சரிபார்க்க எல்லோரையும் தாண்டி உள்ளே போயிருந்த குற்றாலிங்கம் ஒருவர் மட்டும் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை.

கம்பெனியின் துழாவிகளைக் கொண்டுவரச் சொல்லி மீட்புப் படை கேட்டிருந்தது. ஜெனிபாவின் வேன் ஆவுடையம்மாளையும் வழியில் ஏற்றிக்கொண்டது. வேனில் அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, முருகா முருகா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் துழாவி போனது. வெளியே கூடாரத்துத் திரையில் எல்லாம் தெரிந்தது. கல்லும் சேறும் அடைத்த இடத்தில் அது நின்றது, மோதியது, குடைந்தது. விடவே இல்லை. குடையக் குடைய மேலிருந்து மண் கொட்டி அதை மூடியது, திரை கறுத்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது போனபோது சரிவே ஒரு அடி முன்னால் நகர்ந்து வந்தது. மீட்பு அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். இனி மோதுகிற எதையும் உள்ளே விட முடியாது, கூரை மொத்தமாக வந்துவிடும் என்றார். மலைமேலிருந்து துளை போட்டு இறங்கலாம். அதற்கு இயந்திரம் மலையேறி வந்து சேர நாளாகும்.

மோதாத ஒன்று வேனிலேயே கிடந்தது. முந்தின வாரம் ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பையில், சாக்லேட் காகிதங்களோடு. ஜெனிபா அதை எடுத்து வந்தாள்.

ஆவுடையம்மாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "இதையா? இது என் வீட்டு அணிலு படிச்சதுல்லா? பாதியில திரும்பி வந்திருமே. ஒரு பிடி சோத்தப் போட்டு நானே இதக் கெடுத்து வச்சிருக்கேனே தாயி."

வேறு வழி இல்லை என்றாள் ஜெனிபா.

துழாவி உள்ளே போனது. சரிவுக்கு முன்னால் நின்றது. மெல்ல ஒரு கல்லைத் தொட்டது, விட்டது. இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, சுவரோரமாக மோப்பம் பிடிப்பது போல நின்றது. அப்புறம் ஆவுடையம்மாள் பயந்தபடியே அது திரும்பியது. வந்த வழியே வெளியே வந்து, கூடாரத்துக்குள் நுழைந்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய காலடியில் நின்று, கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜையில் போட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெனிபா அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, மொட்டைவாலி சன்னல்ல வந்து கத்தும்லா. அப்ப நீங்க என்ன செய்விய?"

"என்னத்தச் செய்ய. கரண்டிய வச்சிட்டுப் பொறத்தால போவேன்."

"நீங்க போனா அது என்ன செய்யும்?"

"முன்னால ஓடும். நான் வாறேனான்னு திரும்பித் திரும்பிப் பாக்கும். எந்த மூடி தொறக்கலையோ அதுமேல போயி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். இருவரும் துழாவியைப் பார்த்தார்கள். அது கூடார வாசல் வரை ஓடி, அங்கே நின்று, இவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள் ஜெனிபா, "அது தோத்துப் போயி வரல. ஆள் கூப்பிட வந்திருக்கு."

அதிகாரிக்கு முழுசாகப் புரிந்ததோ என்னவோ, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அதன் பின்னால் போனார். ஜெனிபாவும் போனாள். ஆவுடையம்மாளைச் சுரங்க வாசலில் நிறுத்திவிட்டார்கள். துழாவி சரிவு வரைக்கும் போகவே இல்லை. அதற்குச் சற்று முன்னால், சுவரோரத்தில், சேறு மூடிக் கிடந்த ஒரு இரும்புத் தகட்டின்மேல் ஏறி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டது.

சேற்றை வழித்துப் பார்த்தார்கள். சுரங்கத்தை ஒட்டியே உள்ளே போகிற ஒரு வடிகால், தோண்டிய முதல் வருஷத்தில் போட்டது. பிறகு தேவையில்லை என்று தகடு வைத்து அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே மண் மூடிப்போயிருக்கும் என்று வரைபடத்திலிருந்தே அதை எடுத்துவிட்டிருந்தார்கள். தகட்டின் விளிம்பில் கையை வைத்த அதிகாரி அப்படியே வைத்திருந்தார். காற்று வந்துகொண்டிருந்தது.

முன்னால் போன துழாவிகளும் அந்தத் தகட்டைத் தாண்டித்தான் போயின, அவையும் பார்த்திருக்கும் என்று பிற்பாடு ஜெனிபா விளக்கினாள். "அதுங்களுக்குத் தன் கையால தொறக்க முடியாதது சுவர் மாதிரி. கணக்குலயே எடுக்காது. இது ஒண்ணுக்குத்தான், என்னால முடியாது, ஆனா அந்தா நிக்காளே அவளால முடியும்னு ஒரு நெனப்பு இருக்கு. அத நாங்க யாரும் சொல்லிக்கொடுக்கல."

தகட்டை அறுத்து எடுத்தார்கள். துழாவி வடிகாலுக்குள் இறங்கி மறைந்தது. திரையில் ஈரச் சுவர், வேர், மறுபடி ஈரச் சுவர். ஆவுடையம்மாளைக் கூடாரத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரத்தில் அவள் வேண்டிக்கொள்ளாத சாமி திருநெல்வேலிச் சீமையில் பாக்கி இல்லை.

பிறகு கீச்சுச் சத்தம் கேட்டது. திரையில் ஒரு பூட்ஸ், கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு கால், கையில் ஒரு ஸ்குரூ டிரைவர். ஒரு முகம் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியது. சேறு அப்பியிருந்தாலும் அவளுக்குத் தெரியாதா அந்த முகம்!

குரல் வந்தது. கம்மிப்போன குரல்.

"யாராச்சும் இருந்தா வாங்கய்யா. கால் மாட்டிக்கிட்டு. என்னால தனியா முடியல."

கூடாரத்தில் அத்தனை பேரும் ஒரே கூச்சல். ஆவுடையம்மாள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து 'முடியல' என்கிற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. ஜெனிபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுட்டாவ தாயி, கேட்டுட்டாவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜெனிபாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனாலும் அவளும் அழுதாள்.

வடிகாலை அகலப்படுத்தி ஆளை வெளியே கொண்டுவர மறுநாள் ஆகிவிட்டது. கால் எலும்பு முறிந்திருந்தது, வேறு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, சரிந்த மண்ணை ஸ்குரூ டிரைவரால் தானே தோண்டிக்கொண்டிருந்ததாகக் குற்றாலிங்கம் சொன்னார். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே என்று ஆவுடையம்மாள் வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். அவர் கஞ்சித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடணும்னு தோணலட்டி. அப்பத்தான் அது வந்துச்சு. நம்ம சன்னல்ல வந்து கத்துமே, அதே கத்து. எம்புட்டுச் சின்னச் சவம். அதுக்கே கேக்க வெக்கமில்ல, எனக்கு என்ன வெக்கம்னு நெனச்சேன்."

இப்போது கம்பெனிக்கு ஞானம் பிறந்துவிட்டது. எல்லா வீட்டு அணில்களுக்கும் இனிமேல் கை கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறதாம். மறுபடி கம்பம் நட வந்த ஜெனிபா, எத்தனையாவது முயற்சிக்கு மூடியைத் திறக்கலாம், எத்தனை கடலை கொடுக்கலாம் என்று ஒரு கணக்குச் சொன்னாள். ஆவுடையம்மாள் சிரித்துவிட்டாள். "அளந்து போட்டா அது எரக்கமா தாயி? அதுக்குப் பசிக்கும்போது கத்தும், எனக்குத் தோணும்போது தொறப்பேன். சரின்னா கம்பத்த நடு." ஜெனிபா நட்டுவிட்டுப் போனாள்.

வேலை திரும்ப வந்ததில் யாருக்குச் சந்தோஷமோ, மொட்டைவாலிக்குத்தான் கொண்டாட்டம். இப்போதெல்லாம் அது பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. நேரே சன்னலுக்கே வந்துவிடுகிறது.

கால்கட்டுப் பிரித்து, குற்றாலிங்கம் நடமாடத் தொடங்கியிருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு, மொட்டைவாலியின் பஞ்சாயத்தையும் தீர்த்துவிட்டு ஆவுடையம்மாள் உள்ளே வந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருந்தவர் கையை நிறுத்தினார். எழுந்திருக்கப் போகிறார், அடுப்படிக்குப் போகப் போகிறார் என்று அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"ஆவுடை, கொழம்புல உப்பு கொஞ்சம் பத்தல. எடுத்துத் தாறியா?"

அவள் ஓடிப்போய் ஜாடியை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை எடுத்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்த பிறகுதான் அவள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.